கழிந்த பொருளுக்குத் தீட்டு உண்டா?

ஒருமுறை பயன்பட்டுத் தீர்ந்த பொருளை மறுபடி வேறொன்றுக்குப் பயன்படுத்தினால் அது பழைய பொருளா, புதிய பொருளா? அதைத் தெய்வத்தின் முன் வைக்கலாமா? கொல்லையில் ஓட்டைக் குடத்தில் துளசி வளர்ப்பவர்கள் இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டு வளர்ப்பதில்லை. ஆனால் ஆகமம், புராணம், சித்தாந்தம், வீட்டு வழக்கம் ஆகிய நான்குமே இந்தக் கேள்விக்கு விடை வைத்திருக்கின்றன. நான்கும் ஒரே விடையைச் சொல்லவில்லை என்பதுதான் சிக்கல். தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலிலிருந்து இதைப் பேசத் தொடங்கலாம். அந்தக் கோயிலின் பேர்பெற்ற பிரசாதம் புற்றுமண்.

புற்று என்பது என்ன என்று பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. வேலைக்காரக் கறையான்கள் மண்துகளை உமிழ்நீரில் குழைத்துச் சிறுசிறு உருண்டைகளாக அடுக்கி எழுப்பும் வீடு அது. வீட்டுக்குள்ளே தோட்டமும் உண்டு. காய்ந்த இலை, மரத்தூள், செத்தை ஆகியவற்றைத் தின்று, பாதி செரித்து வெளியேற்றிய எச்சத்தைக் கறையான்கள் கடற்பஞ்சு போல அடுக்கி, அதன்மேல் ஒருவகைப் பூஞ்சையை வளர்த்து உண்கின்றன. தென்னிந்தியாவில் பெரிய புற்றுகளைக் கட்டும் கறையான்கள் பெரும்பாலும் இந்தப் பூஞ்சைத் தோட்டக்காரர்களே. கூட்டம் அழிந்தபின் வெறும் வளைகளாகக் கிடக்கும் புற்றில் பாம்பு நுழைகிறது. கறையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறியது என்று ஊரார் சொல்வது பெரும்பாலும் பிறர் உழைப்பில் வாழ்பவனைப் பழிப்பதற்குத்தான். ஆனால் நாகவழிபாடு முழுவதும் அந்தக் குடியேற்றத்தின்மேல்தான் நிற்கிறது. எச்சில், எச்சம், கைவிட்ட வீடு ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு பொருளைச் சங்கரன்கோவிலுக்கு வருபவர்கள் நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள், தோல்நோய்க்குப் பூசிக்கொள்கிறார்கள், சிலர் ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்கிறார்கள்.

தலபுராணம் இந்தப் புற்றை ஒரு தோட்டக் கதையாகவே சொல்கிறது. புன்னைவனத்தைக் காவல்காத்த காவற்பறையன் அங்கே வளர்ந்திருந்த புற்றை வெட்டியபோது உள்ளிருந்த பாம்பின் வால் துண்டானது. புற்றுக்குள் லிங்கம் இருந்தது. செய்தி உக்கிரபாண்டிய மன்னனுக்குப் போய், அவன் கோயில் எழுப்பினான். அதே தலத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. சங்கன், பதுமன் என்ற நாக அரசர்கள் இருவர், சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று வாதாடிக்கொண்டு அம்மையிடம் போனார்கள். கோமதியம்மன் தவமிருக்க, இறைவன் பாதி சிவனும் பாதி திருமாலுமாக, சங்கரநாராயணராகக் காட்சி தந்தார். ஆடித்தபசு விழா அந்தக் காட்சிக்கானது. இந்த இரண்டு கதைகளும் இக்கட்டுரைக்கு வேண்டியவை. தோட்டத்துக்காரன் இடைஞ்சல் என்று வெட்டிய குப்பைமேடு கோயிலாகிறது என்பது முதல் கதை. இரண்டாவது கதையில் வரும் இரு நெறிகளும் பயன்பட்ட பொருளைப் பற்றி ஒன்றுக்கொன்று எதிரான விதிகளை வைத்திருக்கின்றன.

அந்த விதிகளுக்கு முன்னால் வீட்டு வழக்கத்தைப் பார்ப்பது நல்லது, ஏனெனில் அதற்குத்தான் வயது அதிகம். பொங்கலுக்குப் புதுப்பானை வாங்குவார்கள். போன ஆண்டுப் பானை சோற்றுக்கோ குழம்புக்கோ இறங்கும். விளிம்பு தெறித்தால் புளி, உப்பு போட்டுவைக்கும். அடி விரிசல் விட்டால் தவிடு, சாம்பல் என்று உலர்ந்தவற்றுக்குப் போகும். முழுதாக உடைந்தால் அடிப்பாகம் வறுக்கும் ஓடு ஆகும், கழுத்து வளையம் குடம் நிறுத்தும் பிரிமணை ஆகும், மிச்சத் துண்டுகள் பூந்தொட்டியின் அடியில் தண்ணீர் வடியக் கிடக்கும். நாள்பட்டுத் துளை அடைந்து தண்ணீரைக் குளிரவைக்காமல் போன பானையின் அடியில் சிறு துளையிட்டு, பழந்துணித் திரியைச் செருகி, மரக்கன்றின் வேரருகே கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் ஊற்றிவைப்பதும் உண்டு. மண் உறிஞ்ச உறிஞ்ச நீர் கசியும். மழைக்கு வானத்தைப் பார்த்திருக்கும் நிலத்தில் இது வெறும் கைவேலை அல்ல, பிழைப்பு. இத்தனை இறக்கங்களிலும் பானைக்குத் தீட்டு வருவதில்லை. தீட்டு வருவது ஒரே இடத்தில்: கொள்ளிக்குடம். சுடுகாட்டில் துளையிட்டு உடைத்த குடத்தின் சில்லைக்கூட யாரும் வீட்டுக்கு எடுத்துவர மாட்டார்கள். மண் ஒன்றுதான், குயவர் ஒருவர்தான், சூளையும் ஒன்றுதான். ஆகவே வீட்டு வழக்கம் பொருளின் உடைவைத் தீட்டாகக் கருதவில்லை, அது எங்கே போய் வந்தது என்பதையே கருதுகிறது.

துணியிலும் இப்படித்தான். சங்கரன்கோவில் தறிகளின் ஊர். கைத்தறியும் பிறகு விசைத்தறியுமாகச் சேலை நெய்து பிழைக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். நூல் விலை தெரிந்த வீடுகளில் துணியைச் சும்மா எறிய மனம் வராது. நைந்த பருத்திச் சேலை தூளியாகும். பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல், பலமுறை துவைத்து மெத்தென்றான பழந்துணியில்தான் கிடத்துவார்கள். புதுத்துணியின் கஞ்சி பிஞ்சுத் தோலை உறுத்தும் என்பது காரணம். கண்ணேறு காரணமும் ஒன்று சொல்வார்கள். விளக்குத்திரிக்கு வரும்போது மட்டும் வீடுகள் பிரிகின்றன. சில வீடுகளில் துவைத்த பழைய வேட்டியைக் கிழித்துத் திரித்துவிடுவார்கள். சாமி விளக்குக்கு உடுத்திய துணி ஆகாது, பஞ்சுதான் வேண்டும் என்பவர்களும் உண்டு. தெய்வத்துக்கு எதிரே எரிவதற்கு ஆகாத துணி, பிறந்த குழந்தைக்கு ஆகும் என்பதை யாரும் முரண்பாடாக நினைப்பதில்லை.

பழைய காகிதத்தின் கதை இன்னும் அழகானது. செய்தித்தாளைக் கிழித்து இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, ஊறவைத்த வெந்தயத்தோடு உரலில் இட்டு இடித்தால் கூழாகும். கவிழ்த்த பானையின்மேல் அந்தக் கூழை விரல் கனத்துக்கு அப்பி வெயிலில் காயவைத்துக் கழற்றினால் பெட்டி. வெந்தயத்தின் வழவழப்பு பசையாக நிற்கும், கசப்பு பூச்சியை ஓட்டும். பொத்தல் விழுந்த சுளகையும் இதே கூழால் பூசி மறுபடி புடைப்பார்கள்.

காகிதத்தில் சாமி படம் அச்சாகிவிட்டால் கை தயங்குகிறது. சிவகாசியில் அச்சாகும் தினசரி நாட்காட்டிகளின் அட்டையில் முருகனோ லட்சுமியோ இல்லாதவை குறைவு. டிசம்பர் 31-ஆம் தாள் கிழிந்த பிறகு அந்த அட்டையை என்ன செய்வது? நல்ல கெட்டி அட்டை, பரீட்சை எழுதுவதற்கு வைத்துக்கொள்ளலாம், அலமாரித் தட்டில் விரிக்கலாம். பலர் துணிவதில்லை. கண்ணாடி உடைந்த சட்டங்களோடு அவை அரசமரத்தடியிலும் கோயில் மதிலோரத்திலும் சேர்கின்றன, மழையில் ஊறுகின்றன, கடைசியில் யாரோ ஒருவர் அள்ளிக்கொண்டு போகிறார். சாத்திரத்தைக் கேட்டால் இந்தத் தயக்கத்துக்கு வேலையே இல்லை. ஆவாகனம் செய்து எழுந்தருளுவித்தால்தான் உருவத்தில் தெய்வம் உண்டு, வழியனுப்பிவிட்டால் இல்லை. மஞ்சள் பிள்ளையார் இதற்கு எல்லாரும் அறிந்த சாட்சி. ஈர மஞ்சள்பொடியை விரல்களால் கூம்பாகப் பிடித்து, வெற்றிலையில் வைத்து, ஓர் அறுகம்புல் செருகினால் அது பிள்ளையார். பூசை முடிந்ததும் வடக்கே சற்று நகர்த்தினால் அவர் விடைபெற்றுக்கொண்டார். அதன்பிறகு அந்த மஞ்சளைப் பெண்கள் முகத்திலும் தாலியிலும் பூசிக்கொள்ளலாம், தண்ணீரில் கரைத்துச் செடிக்கு ஊற்றலாம். அரைமணி நேரம் கடவுளாக இருந்த பொருள் மறுபடி மளிகைப் பொருளாகிறது. நாட்காட்டி அட்டைக்கு இந்தச் சலுகை கிடைக்காததற்குச் சாத்திரம் காரணமல்ல. மஞ்சளுக்கு முகம் கிடையாது, அட்டைக்கு முகம் உண்டு. முகத்தைக் குப்பையில் போட மனிதனால் முடிவதில்லை.

சிதைந்ததைப் புதுப்பிப்பதற்கான ஆகமங்களின் சீரணோத்தாரண விதிகள் இதே தர்க்கத்தைப் பெரிய அளவில் கையாளுகின்றன. சிதைந்த மூலத்திருமேனியின் ஆற்றலைக் கும்ப நீருக்கு மாற்றிப் பாலாலயம் என்னும் தற்காலிகச் சந்நிதியில் வைத்துவிட்டால், பழைய உருவம் வெறும் பொருள். அதிலும் பொருளுக்குப் பொருள் வழி வேறு. கல்லானால் ஆழ்ந்த நீரில் விடுவார்கள், மரமானால் தீயில் இடுவார்கள், உலோகமானால் உருக்கி மறுபடி வார்ப்பார்கள். மறுபயன்பாடு உலோகத்துக்கு மட்டும் அனுமதிக்கப்படுவது கவனிக்கத் தக்கது. உருகும்போது அது தன் பழைய வடிவத்தின் சுவடே இல்லாமல் போகிறது, கல் அப்படிப் போவதில்லை. கட்டடக் கற்களில் இவ்வளவு கண்டிப்பு இருந்ததில்லை. சோழர் காலத்தில் செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக்கியபோது பழைய சாசனங்களைப் படியெடுத்துப் புதுச் சுவரில் வெட்டினார்கள். முதலாம் இராசராசன் ஆணையால் திருமழபாடியில் தொடங்கிய அத்தகைய பணி அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் முடிந்தது. சொல்லைக் காப்பாற்றினால் போதும், அதைச் சுமந்த கல் போகலாம் என்பது அரசாங்கத்தின் கணக்கு.

இனி இரு நெறிகளின் விதிகள். சைவத்தில் சிவனுக்குச் சாத்திய மாலை, படைத்த உணவு முதலியவை நிர்மாலியம். அவை சண்டேசுரருக்கு உரியவை, மற்றவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆகமங்கள் வரையறுக்கின்றன. சிவாலயங்களில் கருவறைக்கு வடக்கே, நீர் வெளியேறும் கோமுகிக்கு அருகில் இருக்கும் அவருடைய சிறு சந்நிதியில் பக்தர்கள் இரு கைகளையும் விரித்தும் துடைத்தும் காட்டுவது, எதையும் கொண்டுபோகவில்லை என்று கணக்கு ஒப்புவிப்பதாகச் சொல்லப்படுகிறது. உடுத்த ஆடையிலிருந்து நூலைப் பிய்த்து அவர்மேல் போடும் பழக்கமும் பல ஊர்களில் இருந்தது. சேக்கிழாரின் பெரிய புராணத்தில் சண்டேசர் வரலாறு விரிகிறது. திருச்சேய்ஞலூரில் மாடு மேய்த்த சிறுவன் மணலால் லிங்கம் செய்து பாலாட்டினான். பாற்குடத்தைக் காலால் உதைத்த தந்தையின் கால்களை வெட்டினான். இறைவன் தோன்றி, தாம் உண்ட கலமும் உடுத்தவையும் சூடியவையும் இனி அவனுக்கே என்று சண்டீசப் பதவி தந்து, தம் சடையிலிருந்த கொன்றை மாலையை எடுத்து அவனுக்குச் சூட்டினார். கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பம் அந்த நொடியைத்தான் காட்டுகிறது. இந்தப் பட்டியலைப் படிப்பவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: உண்ட மிச்சம், உடுத்த துணி, சூடிய பூ. மூன்றும் பயன்பட்டுக் கழிந்தவை. மூன்றும் சேர்ந்து ஒரு பதவி.

வைணவத்தில் நிர்மாலியம் விலக்கல்ல, பேறு. சாத்திக் களைந்த துளசியும் மாலையும் அடியார்க்குப் போகும். சங்கரன்கோவிலுக்கு வடக்கே ராஜபாளையம் தாண்டி இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் இதை ஒரு படி மேலே கொண்டுபோகிறது. நந்தவனம் வைத்துப் பெருமாளுக்குப் பூத்தொடுத்த பெரியாழ்வாரின் மகள் ஆண்டாள், மாலையைத் தான் முதலில் சூடிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். தந்தை கண்டுபிடித்துப் பதறிப் புதுமாலை கட்டினார், பெருமாள் பழைய மாலையையே கேட்டார். இன்றும் ஆண்டாள் சூடிக் களைந்த மாலை சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை அழகருக்கும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும் போகிறது. சைவத்திலும் ஆகமத்தை மீறிய ஓர் இடம் உண்டு. வேடரான கண்ணப்பர் வாயில் கொண்டுவந்த நீரால் லிங்கத்தை ஆட்டினார், தலையில் செருகி வந்த பூவைச் சூட்டினார், பதம் பார்க்கத் தாமே தின்று பார்த்த இறைச்சியைப் படைத்தார். மறுநாள் காலையில் வந்த பூசகர் சிவகோசரியார் அதையெல்லாம் அநுசிதம் என்று அள்ளி எறிந்துவிட்டுக் கழுவினார். இறைவன் கனவில் வந்து திருத்தியது சிவகோசரியாரைத்தான், கண்ணப்பரை அல்ல. இரு நெறிகளும் ஒரே உருவத்தில் நிற்கும் சங்கரநாராயணர் சந்நிதியில் துளசித் தீர்த்தமும் கொடுக்கிறார்கள், திருநீறும் கொடுக்கிறார்கள். திருநீறே மாட்டுச் சாணத்தைச் சுட்ட சாம்பல்தானே. எரிவதெல்லாம் எரிந்து முடிந்ததால் இனிக் கெடுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

சைவ சித்தாந்தம் இன்னும் அடிப்படையான கேள்வியைக் கேட்கிறது: பொருள் அழிகிறதா? 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞானபோதமும் அதன் வழிநூல்களும் ஏற்கும் கொள்கை சற்காரியவாதம். இல்லாதது தோன்றாது, உள்ளது அழியாது. குடம் மண்ணில் ஏற்கனவே இருந்தது, குயவர் அதை வெளிப்படுத்தினார், உடைந்தால் காரணத்தில் ஒடுங்குகிறது. மண் முதற்காரணம், சக்கரமும் தண்டும் துணைக்காரணம், குயவர் நிமித்தகாரணம். நியாய வைசேடிகர் இதை மறுத்தார்கள். குடம் முன்பு இல்லாத புதுப்பொருள், உடைந்தால் அந்தக் குடம் இல்லாமலேயே போகிறது என்பது அவர்கள் கட்சி. உடைந்த குடம் பூந்தொட்டியாகும்போது சித்தாந்தி அதில் மண்ணின் இன்னொரு தோற்றத்தைக் காண்பார், வைசேடிகர் புதுப்பொருளின் பிறப்பைக் காண்பார். கொல்லையில் செடி வைப்பவர் தெரிந்தோ தெரியாமலோ இந்த இரண்டில் ஒரு பக்கம் நிற்கிறார்.

ஆனால் தத்துவ நூல்களின் குடம் சற்று எளிமைப்படுத்தப்பட்ட குடம். சூளையில் சுட்ட மண் மறுபடி களிமண் ஆவதில்லை. தண்ணீரில் எத்தனை காலம் ஊறினாலும் அது குழையாது. அப்படிக் குழையாததால்தான் கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஓடுகள் இன்றும் கைக்குக் கிடைக்கின்றன. காரணத்தில் ஒடுங்க மறுக்கும் காரியம் அன்றே இருந்தது. ஆனாலும் ஓடு மண்ணுக்குப் பகையல்ல, மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். பிளாஸ்டிக்கின் நிலை வேறு. வெட்டிய குளிர்பான பாட்டிலில் கீரை வளர்ப்பது இப்போது எங்கும் காணும் கைவேலை. இரண்டொரு கோடை கடந்தால் புற ஊதாக் கதிர் பட்டு பாட்டில் வெளிறி மொறுமொறுப்பாகும், தொட்டால் செதில்செதிலாகத் தெறிக்கும், அந்தச் செதில் அதே கீரைப்பாத்தியின் மண்ணில் கலக்கும். முழுப் பாட்டிலாக இருந்திருந்தால் பொறுக்கி எடுத்திருக்கலாம். மரம், ஓலை, பருத்தி, காகிதம் எதுவானாலும் கறையான் தின்று புற்றாக்கிவிடும். எதைக் கறையான் தின்னாதோ அதை மறுபயன்பாட்டுக்கு எடுப்பவர், அதன் முடிவைத் தள்ளிப்போடுகிறாரே தவிர முடித்துவைக்கவில்லை. நிழலில், மண்ணைத் தொடாமல், உடையுமுன் எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்பும்படி வைத்தால் அந்தத் தள்ளிப்போடுதலுக்கும் பயன் உண்டு.

துறவு நெறிகளில் மறுபயன்பாடு சட்டமாகவே இருந்தது. பௌத்த விநய நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. உதேன மன்னனின் அரசியர் புத்தரின் சீடர் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளைக் கொடுத்தார்கள். துணிக்கடை வைக்கப் போகிறாரா என்று எரிச்சலோடு வந்த மன்னன், அவற்றை என்ன செய்வீர்கள் என்று கேட்டான். ஆடை நைந்த பிக்குகளுக்குக் கொடுப்போம் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடை? மேல்விரிப்பாகும். பழைய மேல்விரிப்பு மெத்தையுறையாகும், பழைய உறை தரைவிரிப்பாகும், அது நைந்தால் கால்மிதி, பிறகு தூசித்துணி, கடைசியில் வெட்டிச் சேற்றோடு குழைத்துத் தரை பூசுவோம். மன்னன் மனம் நிறைந்து இன்னும் ஐந்நூறு கொடுத்தான். சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டி செல்லும் வழியில் இருக்கும் கழுகுமலையில் 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் சமணம் செழித்திருந்தது. பாறைமுகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். உடைமை மறுத்த திகம்பர முனிவர்கள் கையில் வைத்துக்கொள்ளும் மிகச் சிலவற்றுள் ஒன்று மயிற்பீலி. மயில் தானாக உதிர்த்த இறகால் கட்டியதாக அது இருக்க வேண்டும், பறித்ததாக இருக்கக் கூடாது. இங்கே கழிந்த பொருள்தான் தூய்மையான பொருள், புதிதாகப் பறித்ததில் கொலை ஒட்டியிருக்கிறது. கீதை உடம்பை நைந்த ஆடைக்கு ஒப்பிட்டு, உயிர் அதைக் களைந்து புதியதை உடுக்கிறது என்கிறது. களைந்த ஆடையை அப்புறம் யார் எடுத்தார் என்ற கேள்வி அந்த உவமைக்குள் இல்லை. ஆனந்தர் விடை சொன்னது அந்தக் கேள்விக்குத்தான்.

யார் எடுத்தார் என்று கேட்கத் தொடங்கினால் இந்தப் பொருளின் இருண்ட பக்கத்துக்கு வந்துவிடுகிறோம். மநு தர்மத்தின் பத்தாம் அத்தியாயம், ஊழியம் செய்யும் சூத்திரனுக்கு உண்ட மிச்சத்தையும் நைந்த ஆடைகளையும் பதரையும் பழைய தட்டுமுட்டுகளையும் கொடுக்க வேண்டும் என்கிறது. சண்டாளருக்கு இறந்தவரின் ஆடையும் உடைந்த கலமும் என்று விதிக்கிறது. சண்டேசருக்கு இறைவன் கொடுத்த பட்டியலை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பொருள்கள் ஏறக்குறைய அவையேதான். ஓரிடத்தில் அவை பெறுபவரைத் தலைமைக்கு உயர்த்துகின்றன, இன்னோரிடத்தில் பெறுபவர் எழுந்துவிடாதபடி அமுக்குகின்றன. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்ததும், சிரட்டையில் தேநீர் ஊற்றியதும் பதிவான வரலாறு. இன்று அதே சிரட்டையை மெருகேற்றிக் கம்பியில் தொங்கவிட்டுச் செடி வைத்தால் அழகுப் பொருள். சிரட்டையில் ஒரு குற்றமும் இல்லை. மறுக்க முடியாதவர் கையில் அது திணிக்கப்பட்டதா, விருப்பத்தோடு ஒருவர் எடுத்துக்கொண்டதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆண்டாள் மாலையும் கண்ணப்பர் படையலும் பெறுபவர் விரும்பி ஏற்றுக்கொண்டவை. தமக்கு வேண்டாத நைந்த சேலையை வேலைக்காரப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுத் தர்மக்கணக்கில் எழுதிக்கொள்வதை இந்த வரிசையில் சேர்க்க இடமில்லை.

இதைப் பொருளாதாரமாக யோசித்தவர் ஜே.சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து, காந்தியின் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை 1934 முதல் வார்தாவில் நடத்தியவர். கடைசி ஆண்டுகளில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்தில் வாழ்ந்து 1960-இல் மறைந்தார். ‘நிலைத்த பொருளாதாரம்’ என்ற நூலில், ஊறிக்கொண்டே இருக்கும் வளத்தில் வாழ்வது வேறு, தேங்கியதை இறைத்துத் தீர்ப்பது வேறு என்று அவர் பிரித்தார். மரமும் நாரும் முதல்வகை, கனிமமும் எண்ணெயும் இரண்டாவது. கறையான் தின்னும் பொருளும் தின்னாத பொருளும் ஏறக்குறைய இதே கோட்டில் பிரிகின்றன. போகிப் பண்டிகையன்று பாயையும் பழந்துணியையும் எரித்த காலத்தில் சாம்பல் கொல்லைக்கு உரமானது. டயரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த பிறகு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. பழையதைக் கழிக்கச் சொல்வதாகப் போகிக்கு மேற்கோள் காட்டப்படும் நன்னூல் நூற்பா, சொல்வழக்கு மாறுவதைப் பற்றியது. அதை இயற்றிய பவணந்தி முனிவர் பாயைக் கொளுத்தச் சொல்லவில்லை.

கைவேலை செய்பவர்களுக்கு நகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் ஒரு பட்டியலோடு வருவார்கள்: டயர், சிரட்டை, உடைந்த குடம், முற்றத்தில் கிடக்கும் ஆட்டுக்கல். தேங்கிய நன்னீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும், டெங்கு வரும். அழகுத் தோட்டக்காரர் ஆசைப்பட்டுச் சேர்ப்பவையும் இவைதான். அடியில் துளை போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பறவைக்குத் தண்ணீர் வைக்கும் ஆட்டுக்கல்லை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் காயவிட்டால் மீதியும் தீரும்.

கடைசியாக, நிர்மாலியப் பூ. யார் காலிலும் மிதிபடாத இடத்தில், ஓடும் நீரிலோ மரத்தடியிலோ சேர்க்க வேண்டும் என்பது மரபு. நந்தவனத்துக் குழியில் மக்கவைத்து மறுபடி பூச்செடிக்கே இடுவது அந்த மரபுக்கும் மறுபயன்பாட்டுக்கும் பொருந்தும். வாழைநாரில் தொடுத்த மாலை என்றால் அப்படியே குழியில் போகலாம், நாரும் பூவோடு மக்கும். இப்போது வரும் மாலைகளில் நைலான் நூல், ஜிகினாத் தாள், பிளாஸ்டிக் மணி, ஸ்பாஞ்சுப் பந்து எல்லாம் கோத்திருக்கின்றன. அவற்றைப் பிரிக்காமல் உரமாக்க முடியாது. குப்பையை அது சேரும் இடத்திலேயே தரம்பிரிக்க வேண்டும் என்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன. வீட்டிலும் கோயிலிலும் பிரிக்காத மாலை தள்ளுவண்டியில் ஏறி நகராட்சிக் கிடங்குக்குப் போகிறது. சண்டேசுரரைத் தவிர யாரும் தொடக் கூடாது என்று ஆகமம் ஒதுக்கிய பொருளை அங்கே ஒரு தூய்மைப் பணியாளர், பெரும்பாலும் காவற்பறையனின் சமூகத்தைப் போன்ற ஒன்றிலிருந்து வந்தவர், நூல் வேறு பூ வேறாகக் கையால் பிரித்துக்கொண்டிருக்கிறார்.